பூவரசங்குளத்தின் ஆறாவது மாடி

ஆனந்தமேரியின் எருமைகள் இரண்டும் காலை ஒன்பது மணிக்குக் குளத்துக்குப் போனால் தண்ணீர் குடிப்பதில்லை. மூக்கைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்து, கொஞ்ச நேரம் யோசித்து, ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதே எருமைகள் மாலை நான்கு மணிக்கு, அதே துறையில், அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று வயிறு முட்டக் குடிக்கும்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். துறையை மாற்றினாள். ராணியைப் பின்னால் நிறுத்திவிட்டுக் கறுப்பியை முன்னால் விட்டாள். தவிட்டை அள்ளித் தண்ணீர் மேல் தூவினாள். கறுப்பி தவிட்டை மட்டும் நக்கிவிட்டுத் தண்ணீரை விட்டுவிட்டது.

"ஏட்டி, நேத்து சாயங்காலம் குடிச்ச தண்ணிதானட்டி இது! ராத்திரியோட ராத்திரியா என்ன குத்தம் கண்ட?"

கறுப்பி தும்மியது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இது காலை நேர மன அழுத்தம் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக்கை இரண்டும் விரும்பிக் குடித்தன.

வீட்டில் கொடுக்கலாம் என்றால் ஆழ்துளைக் கிணறு வற்றி இரண்டு வருடம். தெருக்குழாயில் வாரத்துக்கு இரண்டு முறை வருவது மனிதர்களுக்கே காணாது. ஒருவேளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சாணார்பட்டிப் பக்கத்து வெயிலைத் தாண்டுகிற எருமை எவ்வளவு கறக்கும்? பாதிதான் கறந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளிடம் பால் வாங்கிய இரண்டு டீக்கடைகளில் ஒன்று பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டது. இன்னொன்றும் மாறினால் எருமைகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது வேறு. இந்தக் குளத்துத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், கரையில் இருந்த தன் முப்பது சென்ட் நிலத்தில் வீடு கட்டும் உரிமையை அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. நிலம் ஒன்று, அதன் மேல் கட்டடம் எழுப்பும் உரிமை இன்னொன்று. இரண்டும் பனங்கிழங்கும் தோலும் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குளக்கரையில் நிலம் வைத்திருப்பவர் அந்தத் தோலை மட்டும் உரித்துக் கொடுக்கிறார். நிலம் அவருடையதுதான். மாடு மேய்க்கலாம், மல்லிகை போடலாம், செங்கல் மட்டும் வைக்கக் கூடாது. உரித்துக் கொடுத்த உரிமைக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை ஊருக்குள் கட்டடம் கட்டுகிறவர் விலைக்கு வாங்கி, தனக்கு அனுமதித்த மாடிகளுக்கு மேலே இன்னும் ஒரு மாடி எழுப்பிக்கொள்வார். கரையில் வீடு இல்லையென்றால் கரையில் கழிவறை இல்லை. கழிவறை இல்லையென்றால் குளம் சுத்தம். நிலக்காரருக்கு விலை, கட்டுகிறவருக்கு மாடி, குளத்துக்கு நிம்மதி. யாருக்கும் நஷ்டமில்லாத யோசனை. அதை அப்படியே விட்டுவிட முடியாது என்பதால் ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

நீர்நிலைத் தரப் பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி உரிமைப் பரிமாற்றக் குழுமம் என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தின் அகலத்துக்குள் அடங்காததால் கடைசிச் சொல் பக்கத்துச் சுவரில் இருந்தது. மாடி வராந்தாவில் நின்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியும். உள்ளே போனால் மூன்று கவுன்டர்கள். முதல் இரண்டும் மூன்றாவதற்குப் போகச் சொல்வதற்காக இருந்தன. மூன்றாவதில் ஜோஸ்பின் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாகக் குழுமத்தின் எல்லாப் படிவங்களையும் தட்டச்சு செய்கிறவள் அவள்தான்.

"தாயி, குளத்துத் தண்ணி சரியில்ல. காலையில எங்க எருமை வாய் வைக்க மாட்டேங்குது."

"அக்கா, இங்க உரிமை சம்பந்தமான மனு மட்டுந்தான் வாங்குவோம். தண்ணி எங்களுக்கு வராது."

"வெளிய போர்டுல மொத வார்த்தையே நீர்நிலைன்னு போட்டிருக்கே?"

"நீர்நிலையோட தரத்தப் பாதுகாக்குறதுதான் எங்க வேல. தண்ணி வேற டிபார்ட்மென்ட்."

ஜோஸ்பின் இதைச் சொல்லும்போது முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் சொல்லி முடித்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், உறுப்பினர் செயலர் ரொனால்டிடம் அனுமதி வாங்கி வந்தாள்.

ரொனால்டு அன்பான மனிதர். மேசையில் இருபது லிட்டர் கேனிலிருந்து பிடித்த தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில் மூடி போட்டு இருந்தது. ஆனந்தமேரி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்மா, பூவரசங்குளம் 'அ' தரம். மாசாமாசம் மாதிரி எடுத்து அனுப்புறோம். ஒரு மாசம்கூட 'ஆ' வந்ததில்ல."

"எத்தன மணிக்கு எடுக்குறீக சார்?"

"மூணரை மணிக்கு. ஜீப் என் சாப்பாட்ட எடுத்துட்டு வந்த பிறகுதான் ஃப்ரீ ஆகும்."

"காலையில ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"காலையில ஆய்வுக் கூட்டம் இருக்கும்மா. தண்ணீர்த் தரத்தப் பத்தித்தான்." அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நீங்க சொல்றது எருமையோட அபிப்பிராயம். தப்புன்னு சொல்லல. ஆனா எருமை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் இல்லையே. முறைப்படி படிவம் இருபத்திரண்டு குடுங்க, கள ஆய்வுக்கு ஏற்பாடு பண்றேன்."

படிவம் இருபத்திரண்டு என்பது பயனாளியின் கால்நடை மறுப்பு அறிக்கை. அதில் கால்நடையின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு ஒட்ட வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதுகளும் தெரிய வேண்டும். ஆனந்தமேரி கணவனின் வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டி அதற்கு முன்னால் எருமைகளை நிறுத்தினாள். ராணி ஒழுங்காக நின்றது. கறுப்பி வேட்டியின் கரையைத் தின்றுவிட்டது. எடுத்த படத்தில் ஒரு காதுதான் தெரிந்தது என்று மனு ஒருமுறை திரும்பி வந்தது.

இருபது நாள் கழித்துக் கள ஆய்வுக்கு வந்தார்கள். மணி மூன்று நாற்பது. எருமைகள் இரண்டும் குழுமத்தின் ஜீப்புக்கு முன்னாலேயே குளத்தில் இறங்கி, ஆறு அதிகாரிகள் பார்த்திருக்க, தலையைத் தூக்காமல் குடித்தன. ஆனந்தமேரிக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"கறுப்பி, என் மானத்த வாங்குறியேடி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரொனால்டு புகைப்படம் எடுக்கச் சொன்னார். அந்த ஆண்டு குழுமத்தின் ஆண்டறிக்கை அட்டையில் கறுப்பியும் ராணியும்தான். கீழே, 'பாதுகாக்கப்பட்ட நீரைப் பருகி மகிழும் பயனாளிகள்' என்று போட்டிருந்தது.

அறிக்கையை வெளியிடத் திண்டுக்கல்லில் ஒரு குளிர்சாதன மண்டபத்தில் விழா வைத்தார்கள். உரிமை துறந்தோர் என்ற வரிசையில் ஆனந்தமேரியை உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். ரொனால்டு பேசினார்.

"பெரியோர்களே! நாங்கள் வருவதற்கு முன் பூவரசங்குளத்துக்கு அசுத்தம் வருமா, வராதா என்ற நிச்சயமற்ற நிலை இருந்தது. அந்த நிச்சயமின்மையை இன்று அடியோடு ஒழித்திருக்கிறோம். குளக்கரையில் முப்பது வீடுகள் வந்திருக்க வேண்டியது. ஒரு செங்கல்கூட வரவில்லை! அந்த உரிமையை எல்லாம் மூன்று கிலோமீட்டர் தள்ளி எடுத்துச் சென்று, எழுபத்திரண்டு வீடுகளாகப் பெருக்கியிருக்கிறோம். வீடு குறைந்தால் அது தடை. வீடு கூடினால்தான் அது பாதுகாப்பு! அந்த எழுபத்திரண்டையும் மேட்டில் வைத்திருக்கிறோம். ஏன் மேட்டில்? மேட்டில் தண்ணீர் தேங்காது. தானாக வடிந்துவிடும். எங்கே வடிகிறது என்று சிலர் கேட்கிறார்கள். வடிந்துவிட்டதா இல்லையா என்பதுதான் எங்கள் பொறியாளர்கள் பார்க்க வேண்டியது. வடிந்துவிட்டது!"

கைதட்டினார்கள். ஆனந்தமேரியும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டுக்கு முன் கை நின்றுவிட்டது. மேட்டிலிருந்து வடிந்தால் அது பள்ளத்துக்குத்தானே வரும்? அந்தப் பக்கத்துக்கு எது பள்ளம்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எருமைகளைக் கட்டிப் போட்டுவிட்டு, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைப் பிடித்து மேலே நடந்தாள். மழை இல்லாத காலம். ஓடை காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் கணுக்கால் அளவு போய்க்கொண்டிருந்தது. மேலே வெள்ளை நுரை, அதில் ஷாம்பு வாசனை. ஒரு தரைப்பாலத்துக்கு அடியில் குனிந்து போய், கருவேலங்காட்டைத் தாண்டி நடந்தாள். மேட்டின் உச்சியில் 'லேக் வியூ' என்று எழுதிய ஆறு மாடிக் கட்டடம் நின்றது. அதன் பின்சுவரில், ஓடையைப் பார்த்து, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழாய் இருந்தது.

ஆனால் குழாயைக் கண்டுபிடித்தால் போதாது, நேரம் பொருந்த வேண்டும். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு முன்பே குழாயடிக்குப் போய், வெளியே தெரியும்படி சுண்ணாம்பு தடவிய மூன்று தேங்காய்ச் சிரட்டைகளை அந்தத் தண்ணீரில் விட்டாள். பிறகு கையில் ஒரு குச்சியோடு சிரட்டைகளுக்குத் துணையாகக் கரையோரம் நடந்தாள். ஒன்று பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. மற்ற இரண்டும் ஒன்பது மணிக்குப் பூவரசங்குளத்துத் துறைக்கு, கறுப்பி நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில், வந்து சேர்ந்தன.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு மணி முதல் எட்டரை வரை அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரும் குளிக்கிறார்கள், கழுவுகிறார்கள், கழிவறைக்குப் போகிறார்கள். அது இரண்டு மணி நேரம் நடந்து வந்து, எருமைகள் வரும் நேரத்துக்குச் சரியாக அவற்றை வரவேற்கிறது. பத்தரைக்குப் பிறகு வரத்து குறைகிறது. மேல்காற்று நுரையை எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது, கசடு அடியில் இறங்குகிறது. மூன்றரை மணிக்குத் துறைத் தண்ணீர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எருமை சொன்னதும் சரி, ஆய்வகம் சொன்னதும் சரி. எருமை மட்டும் கூடுதலாக ஒருவேளை சோதித்திருக்கிறது.

ஆனந்தமேரி ஒரு சிரட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். ரொனால்டு சிரட்டையை மேசை மேல் வைக்க விடவில்லை. அதற்குக் கீழே ஒரு பழைய ஃபைலைப் போடச் சொன்னார். பிறகு பொறுமையாக இரண்டு வரைபடங்களை எடுத்தார்.

"இது உரிமை அனுப்பும் மண்டலம். உங்க குளம், கரை எல்லாம் இதுல. இது உரிமை பெறும் மண்டலம். 'லேக் வியூ' இதுல. ரெண்டையும் சேர்த்துத் தச்சிருக்கு."

"இதுக்கும் அதுக்கும் நடுவுல ஓடை ஓடுதே சார்?"

"நடுவுல ஸ்டேப்ளர் பின்னு இருக்கும்மா."

"பின்னு இங்க இருக்கு. ஓடை அங்க ஓடுது. நான் கூடவே நடந்து வந்தேன் சார்."

"இந்தத் திட்டத்துல உரிமை இங்கேயிருந்து அங்க போகலாம். அங்கேயிருந்து இங்க எதுவும் வர விதியில எடமே இல்ல."

"ஆனா வருதே?"

"வந்தா அது விதிமீறல். விதிமீறலை நாங்க அங்கீகரிக்க முடியாது. குழுமம் அங்கீகரிக்காத ஒண்ணு குழுமம் பாதுகாக்குற குளத்துக்குள்ள எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

ஆனந்தமேரி சிரட்டையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். குளத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவளை வெறுங்கையோடு அனுப்ப ரொனால்டுக்கும் மனம் வரவில்லை. அங்கேயே ஓர் ஆணை போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பூவரசங்குளத்தில் கால்நடைகள் தண்ணீர் அருந்தும் நேரம் பிற்பகல் மூன்று முப்பது என்று இதனால் நிர்ணயிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. நகல், கால்நடைகளுக்கு.

வெளியே வந்தவளை மூன்றாவது கவுன்டரிலிருந்து ஜோஸ்பின் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, உங்க சான்றிதழ நீங்க இன்னும் விக்கலதான?"

"இல்ல தாயி. பீரோவுல கெடக்கு."

"'லேக் வியூ' கட்டுற சாகுல் ஹமீது பாய் ஆறாவது மாடிய உங்க சான்றிதழ நம்பித்தான் கட்டியிருக்காரு. நீங்க எப்படியும் குடுப்பீங்கன்னு சார் எதிர்பார்ப்பு அனுமதி போட்டுட்டாரு. ஆனா படிவம் ஒன்பதுல உங்க கையெழுத்து விழாம அந்த மாடிக்குக் கரண்டு கெடையாது, ஆள் குடிபோகவும் முடியாது." அவள் படிவத்தைத் தள்ளினாள். "இதுல பதினாலாவது கட்டத்தப் பாருங்க."

'உரிமையை விற்பவர் விதிக்கும் நிபந்தனைகள் (இருப்பின்)' என்று அதில் இருந்தது.

"இத நான் நாலு வருசமா அடிக்கிறேன்கா. எல்லாருமே 'இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிர்றாக. எழுதக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல."

ஆனந்தமேரி படிவத்தை மடித்துத் துணிப்பையில் வைத்தாள், சிரட்டைக்குப் பக்கத்தில்.

அந்த வாரமே சாகுல் ஹமீது அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம். நல்ல வெயில். ஆனந்தமேரி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

"என்னக்கா, எருமை வச்சிருக்கீங்க, கடுங்காப்பி கணக்கா ஒரு டீ குடுக்குறீங்க? பாலு எங்க?"

"ஒங்க மாடியில இருக்கு பாய்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சிரட்டையை எடுத்து வைத்து, ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நடந்த கதையைச் சொன்னாள். அவர் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"அல்லா மேல ஆணையா நான் கேட்டேன்கா. தண்ணிய எங்க விடுறதுன்னு சார்கிட்ட நேராவே கேட்டேன். மேட்டுல இருக்கு, தானா போயிரும்னாரு. அதிகாரியே சொல்றாருன்னு விட்டுட்டேன்."

"போகத்தான செய்யுது. எங்க குளத்துக்குப் போகுது."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? கவர்மென்ட்டே கேக்காதத நீங்க கேக்குறீங்க."

"கவர்மென்ட்டு எருமை வளர்க்கல பாய். நான் வளர்க்குறேன்." அவள் எழுந்து வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினாள். "ஒங்க கட்டடம் மேட்டு உச்சியில நிக்குது. உச்சிக்கு ரெண்டு பக்கமும் சரிவு இருக்குல்ல? கெழக்கால சரிவு எங்க ஓடை. மேக்கால சரிவுல என்ன இருக்கு?"

சாகுல் ஹமீது வாசலுக்கு வந்து அவள் காட்டிய பக்கம் பார்த்தார். "மேக்கால ரோட்டுல பாதாளச் சாக்கடை போகுது. அது நேரா சுத்திகரிப்பு நெலயத்துக்குப் போயிரும்."

"எம்புட்டுத் தூரம்?"

"நானூறு அடி இருக்கும். தோண்டணும், ரோட்ட வெட்ட அனுமதி வாங்கணும், குழாய் பதிக்கணும். அம்புட்டும் என் தலையில."

"மோட்டாரு வேணுமா?"

"வேண்டாம். சரிவுதான. தானா போயிரும்." சொன்ன பிறகுதான் தாம் யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. சிரித்துவிட்டார். "எழுதுங்கக்கா, எழுதுங்க. ஆறாவது மாடி இருட்டுல கெடக்கு, முன்பணம் குடுத்தவங்க தெனமும் போன் பண்றாங்க."

பதினாலாவது கட்டம் நிரம்பி வந்ததைப் பார்த்த ரொனால்டு இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். குழுமத்தின் வரலாற்றில் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் முழு வாக்கியங்கள் இருந்தன.

"இதுல எழுதக் கூடாது!"

"கட்டம் இருக்கே சார்" என்றாள் ஜோஸ்பின்.

"கட்டம் இருக்கிறது எழுதுறதுக்கு இல்ல. படிவம் முழுமையா இருக்கணும்னு வச்சது. இத நிராகரி."

"நிராகரிக்கணும்னா மொதல்ல கட்டத்த நீக்கணும் சார். அதுக்கு அரசிதழ்ல திருத்தம் வரணும். அதுவரைக்கும் ஆறாவது மாடி நிக்கும். நம்ம எதிர்பார்ப்பு அனுமதியும் கூடவே நிக்கும்."

எதிர்பார்ப்பு அனுமதியில் இருந்தது ரொனால்டின் கையெழுத்து. அவர் மெதுவாக உட்கார்ந்து, டம்ளரின் மூடியைத் திறந்து தண்ணீர் குடித்தார். பிற்பகல் கூட்டத்தில், பெறும் மண்டலத்தின் கழிவுநீரைக் குறித்துத் தாம் நீண்ட நாளாகவே கவலைப்பட்டு வந்ததாகவும், அதற்காகவே தொலைநோக்கோடு பதினாலாவது கட்டத்தை அமைத்ததாகவும் குறிப்பில் பதிவு செய்யச் சொன்னார். ஜோஸ்பின் அதையும் தட்டச்சு செய்தாள்.

ஆனந்தமேரி எழுதியிருந்தது இவ்வளவுதான்: கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் கிழக்கே பூவரசங்குளத்து ஓடைக்குள் திறக்கக் கூடாது. அதை மேற்குச் சரிவில் திருப்பிப் பாதாளச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். பழைய குழாயின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்து, காலை ஏழு மணிக்கு எனக்கு நேரில் காட்டிய பிறகே என் உரிமை கைமாறும்.

சாகுல் ஹமீது இருபத்தாறு நாளில் வேலையை முடித்தார். இருபத்தேழாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆனந்தமேரி ஓடைக்குள் இறங்கி, அடைத்த வாயைக் கையால் தட்டிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மேலே ஐந்து மாடியிலும் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஓடையில் ஒரு சொட்டு இல்லை. சாகுல் ஹமீது நீட்டிய படிவம் ஒன்பதை அந்தச் சுவரிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.